மதலேனம்மாள் தைத்த வானம்

மதலேனம்மாளுக்குக் கண் போய்விட்டது என்ற பேச்சு அந்த வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் கிளம்பியது. கிளப்பியவர் மாதா கோயில் கமிட்டித் தலைவர் பெரியநாயகம். அவருடைய மருமகளின் ஈஸ்டர் ரவிக்கையில் இடது கையையும் வலது கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள் மதலேனம்மாள். பாவம், அந்தப் பெண் பூசை முடியும்வரை ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே நின்றது. பெரியநாயகத்துக்கு மாந்தோப்பு உண்டு, டிராக்டர் உண்டு. அடுத்தவர் செய்த தப்பைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காத குணமும் உண்டு.

உள்ளதைச் சொன்னால் அந்தப் பேச்சில் பாதி சரிதான். நாற்பத்தைந்தைத் தாண்டியதிலிருந்து ஊசிக் காது அவளுக்குப் புகையாகத்தான் தெரிந்தது. நூல் கோக்கும் நேரம் பார்த்துத் தெருவில் யாராவது போனால், "இங்க வா தாயி, இந்த நூலு முனை பிரிஞ்சு கெடக்குது, கொஞ்சம் கோத்துக் குடு" என்று பழியை நூலின் மேல் போட்டுவிடுவாள். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள் என்று அவள் புருஷன் சவுரியப்பன் ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பு கிடையாது, ரசம்தான்.

அவள் பிறந்தது ஏரியூர்ப் பக்கம், கேழ்வரகுக் காட்டில். சிஸ்டர்கள் நடத்திய தையல் பள்ளியில் தொழில் கற்றுக்கொண்டாள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த சவுரியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மொரப்பூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தாள். வந்த வருஷமே பீடத்துத் துணி அவள் கைக்கு வந்தது. அப்புறம் சாமியாருடைய அங்கி. அதற்கப்புறம் மாதா சுரூபத்துக்குச் சாத்துகிற சேலை. ஊரில் ஆளாளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒருவர் மகன் பட்டாளத்தில், ஒருவர் மருமகன் தாலுகா ஆபீஸில். மாதாவின் தோளளவும் உயரமும் மனப்பாடமாகத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பது மதலேனம்மாளின் பெருமை. அதை யாராவது தொட்டால் அவள் சும்மா இருக்கமாட்டாள்.

அந்த இடத்தில்தான் பெரியநாயகம் கை வைத்தார்.

மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். தினமும் சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை நடக்கும். மாதக் கடைசி நாளில் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். அப்போது மாதாவின் தலைக்கு மேலே ஒரு நீலத் துணியை நாலு கம்பில் கட்டி நாலு பேர் பிடித்து வருவார்கள். அதற்கு மேற்கட்டி என்று பேர். பழைய மேற்கட்டியை எலி தின்றுவிட்டது. எண்பத்து நாலாம் வருஷம், ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து கமிட்டி கூடியது. சேலத்திலிருந்து வாடகைக்கு ஒன்று கொண்டுவந்துவிடலாம் என்றார் பெரியநாயகம்.

பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனம்மாள் எழுந்தாள்.

"மிஷினு வெச்சுகிட்டு ஊருக்குள்ள ஒருத்தி உக்காந்திருக்கறேன். மாதா தலைக்கு வாடகைத் துணியா மாமா?"

"ஏம்மா மதலேனா, எம் மருமவ தூக்குன தோள இன்னும் எறக்கல. அதுக்குள்ள மாதாவுக்குத் தெக்கக் கெளம்பிட்டியா?"

கோயிலே சிரித்தது. பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற சாமியார்கூட இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். மதலேனம்மாளுக்கு உச்சந்தலை சுட்டது. சூடு ஏறினால் அவளுக்கு நாக்கு அவள் பேச்சைக் கேட்காது.

"சேலத்துக்காரன் சமிக்கிய வாரி எறைச்சுட்டு நச்சத்திரம்னு சொல்லுவான். நான் நம்ம ஊரு வானத்தையே தெச்சுக் குடுக்கறேன். எது எங்க இருக்குதோ அது அங்கியே இருக்கும். கடைசி நாளு எல்லாரும் துணியையும் பாருங்க, வானத்தையும் பாருங்க. ஒண்ணு எடம் மாறியிருந்தாலும் எங் கண்ணு போச்சுன்னு நானே ஒத்துக்கறேன். அப்புறம் கோயில் துணியத் தொடமாட்டேன். மாதா சேலையையும் வேற யாராச்சும் தெச்சுக்கட்டும்."

வேறு யாராச்சும் இல்லாமலும் இல்லை. அதே சிஸ்டர்களிடம் அப்போதுதான் தையல் முடித்துவிட்டு வந்திருந்த சகாயமேரி நாலு வீடு தள்ளி மிஷின் போட்டிருந்தாள். இளங்கண். ஊசிக் காதுக்குள் ஊரையே பார்க்கிறவள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் மதலேனம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சவுரியப்பன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் ரசமாகிவிடக் கூடாதே என்ற பயம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் வீம்புக்குச் சொன்னாளே தவிர, வெறும் வாயால் சொல்லவில்லை. கிட்டத்தில் புகையாகத் தெரிந்த அதே கண்ணுக்கு எட்ட இருப்பது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ரயிலடியில் சிக்னல் கை இறங்கியதை வீட்டு வாசலிலிருந்தே சொல்வாள்.

மே பிறந்தது. ஜெபமாலை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். கோயில் முற்றத்தில் நின்று மதலேனம்மாள் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுப்பாள். கையை நேராக நீட்டி, ஒரு நட்சத்திரத்தில் ஒரு கட்டைவிரல் நகத்தையும் அடுத்ததில் மறு கட்டைவிரல் நகத்தையும் வைத்து, பிடித்த பிடி நழுவாமல் வீட்டுக்கு நடப்பாள். வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். விளக்கடியில் நகங்களுக்கு நடுவே இருக்கும் இஞ்சைச் சவுரியப்பன் படிப்பார். வானத்தில் ஒரு இஞ்சு என்றால் துணியில் இரண்டு இஞ்சு. சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துக்கொள்வாள். வானத்துக்கே ரவிக்கை அளவு எடுக்கிறாள் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் புள்ளிகளை வைத்ததும் ஒரு தப்பு தெரிந்தது. தரையில் விரித்துக் குறித்த துணியைத் தலைக்கு மேலே திருப்பிப் பிடித்தால் கிழக்கு மேற்காகிவிட்டது. சாக்குக்கட்டிப் புள்ளிகளைத் தட்டி அழித்தாள். உத்தரத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு மூங்கில் குச்சி நுனியில் சாக்குக்கட்டியைக் கட்டிப் புள்ளி வைத்தாள். அப்படி வைத்தபோது அவளுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. துணி எட்டத்தில் இருந்ததால் புள்ளிகள் புகையாகவில்லை.

வடக்கே அகப்பை மாதிரி ஏழு. தலைக்கு மேலே கிழக்கில் மஞ்சளாக ஒன்று. தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, நாலு நட்சத்திரம் சேர்ந்த ஒரு சிலுவை. அந்தச் சிலுவையைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த ஊரில் வெயில் காலத்தில் வாசலில்தான் படுத்திருக்கிறாள். கண்ணுக்கு எதிரே ஒரு சிலுவை இருப்பது தெரியாமல் தூங்கியிருக்கிறாள். மாதம் பிறந்தபோது அது கிழக்கே சாய்ந்து கிடந்தது. நாளாக ஆக, அதே ஜெபமாலை முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. வானம் முழுக்கவே அப்படி நகர்ந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சட்டை போட்டவன் நடந்தால் சட்டையும் நடக்கும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மாறாது. அவள் அளந்ததெல்லாம் இடைவெளியைத்தான்.

தென்கிழக்கில் ஒரு சிவப்பு இருந்தது. மற்றது எதுவும் அதன் கிட்ட நிற்க முடியாது, அவ்வளவு வெளிச்சம். அதற்கு மேற்கே, நீட்டிய கையில் நாலு இஞ்சு தள்ளி, வெளுத்த மஞ்சளில் ஒன்று. அந்தச் சிவப்புக்குச் சமிக்கி போதாது என்று தோன்றியது. கல்யாணத்துக்கு அம்மா போட்ட கம்மலில் ஒற்றைச் சிவப்புக் கல் மிச்சம் இருந்தது. அதைக் கழற்றி, நூலை இரட்டையாகப் போட்டு இழுத்து முடிந்தாள்.

அதற்குள் நிலா வளர்ந்துவிட்டது. பௌர்ணமியை ஒட்டி வானம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. நட்சத்திரம் பார்க்க வழியில்லை. அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ஓரத்துக்கு ஜரிகை வைத்தாள். நிலா தேய்ந்து முன்னிரவு இருட்டானதும், அவளுக்குத் தாங்கவில்லை, ஒரு நாள் ஜெபமாலைக்கே மேற்கட்டியைக் கொண்டுபோய்க் கோயில் முற்றத்தில் கயிற்றில் கட்டினாள். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. சிலுவை சிலுவையாகவே இருந்தது. ஏழும் ஏழாகவே இருந்தன. "அட, மதலேனா!" என்று ஒன்றிரண்டு பேர் சொல்லவும் சொன்னார்கள்.

பெரியநாயகம் டார்ச்சைத் துணியில் அடித்தார். அப்புறம் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மறுபடி துணி, மறுபடி வானம்.

"மேல அந்த செகப்பு, வெளுத்ததுக்குக் கிட்டத்துல இருக்குது. கீழ எட்டி நிக்குது. எல்லாரும் பாத்துக்குங்கப்பா. நான் சொன்னா பொறாமைன்னு சொல்லுவீங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம்தான். டேப்பை நீட்டிப் பிடித்தாள். நாலு இஞ்சு இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இரக்கம்தான் மதலேனம்மாளை ரொம்பக் கொன்றது.

வீட்டுக்கு வந்து கல்லைப் பிரித்தாள். புது இடத்தில் தைத்தாள். ஒரு வாரம் போல ஆனதும் மறுபடி பார்த்தாள். மறுபடி தள்ளி இருந்தது! இந்தத் தடவை கல்லைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. கிட்டக் கண் போனது தெரியும்; எட்டக் கண்ணும் போய்விட்டதா? அப்படியானால் இனி மிஷினில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? வேறு ஒருத்தி மடிப்பு வைத்த சேலையில் மாதாவைப் பார்த்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கவேண்டியதுதானா? அதற்கு அவள் மனசு இடம் கொடுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், அது நடந்தால் தான் கோயிலுக்கே போகமாட்டோம் என்ற பயமும் அவளுக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் பட்டன் வாங்க மொரப்பூருக்குப் போனவள், ரயிலடிக்கு எதிரே பச்சியப்பனின் டீக்கடையில் உட்கார்ந்தாள். பச்சியப்பன் சவுரியப்பனுக்குச் சிநேகிதன். டீ ஆற்றுகிற நேரம் போக அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கு நாள் பார்த்துச் சொல்கிறவன்; கல்லாவுக்கு மேலே எப்போதும் பஞ்சாங்கம் தொங்கும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீயை வைத்துவிட்டு, என்னக்கா என்றான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எந்த செகப்புக்கா? பொழுது சாஞ்சா கெழக்கால பெருசா எரியுதே, அதுவா?"

"அதேதான். நான் தெச்சா நகந்து போவுது."

பச்சியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அது செவ்வாய்க்கா. நச்சத்திரமே இல்ல. அது கெரகம், அது பாட்டுக்கு நடக்கும். இப்ப வக்கிரத்துல இருக்குது, வந்த வழியே திரும்பிப் போவுது. இந்த மாசம் முச்சூடும் அப்பிடித்தான், பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குது பாரு."

மதலேனம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப அது நெசமாலுமே நகருதா?"

"நகருதுக்கா."

"நான் பாத்தது சரி?"

"நீ பாத்தது சரி. நீ தெச்சதுதான் தப்பு. நடக்கறதப் போயி ரெட்டை நூல்ல கட்டிப் போட்டா நிக்குமா?"

பஞ்சாங்கம் எழுதியவர்கள் என்ன கணக்குப் போட்டார்களோ, அது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லாமல், ஒரு இஞ்சு டேப்பை வைத்துக்கொண்டு, வானத்தில் ஒன்று மட்டும் தனியாக நடக்கிறது என்று தானே கண்டுபிடித்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளைத் தூக்கி நிறுத்தியது. டீயைக் குடிக்காமலே கிளம்பினாள். வாங்க வந்த பட்டனோடு ஒரு அட்டை டிச் பட்டனும் சேர்த்து வாங்கினாள்.

விஷயம் அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. பெரியநாயகம் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"செவ்வாயாமே? தோஷம் பாக்கறவங்க வெக்கற கெரகத்தையா மாதா தலைக்கு மேல வெக்கறது? சாமி, நீங்களே சொல்லுங்க."

சாமியார் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "மாமா, மாதா காலடியில நெலா இருக்குது. அதுவும் ஜாதகத்துல வர்றதுதான். அத எடுத்துரலாமா? வானத்துல அது இப்பவும் மாதா கோயிலுக்கு மேலதான் எரியுது. நீங்க ஏறிப் போயி அதக் கழட்டிட்டு வாங்க, நான் இதக் கழட்டிடறேன்."

இந்தத் தடவை சாமியார் இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார். "இருக்கட்டும் பெரியநாயகம். வானம்னா வானம்தான்" என்றார்.

பெரியநாயகம் விடுகிற ஆள் இல்லை. "சரி, கடைசி நாளு பாக்கலாம். சேலத்துத் துணி வந்து பின்னறையில இருக்கும். எடம் தப்பா இருந்தா அதுதான் ஏறும்."

அவள் செய்தது இதுதான். அந்தச் சிவப்பு வந்த வழியில், வெளுத்ததை நோக்கி, டிச் பட்டனின் அடிப்பாதிகளை நெருக்க நெருக்கமாக ஒரு வரிசை தைத்தாள். மேல்பாதி ஒன்றைச் சிவப்புக் கல்லின் முதுகில் தைத்தாள். இனி அது எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் வரும்.

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் மேற்கே மேகம் கட்டியது. மதலேனம்மாள் ஜெபமாலையில் ஒரு அருள்நிறைந்த மரியாயே ஜெபத்தையும் ஒழுங்காகச் சொல்லவில்லை, மனசெல்லாம் மேகத்தில். நாலு தூறல் போட்டு, மண்வாசனையைக் கிளப்பிவிட்டு, காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போயிற்று. சுரூபம் வெளியே வந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நிலாவும் இல்லை. தெற்கே சிலுவை நேராக நிமிர்ந்து நின்றது.

மேற்கட்டியில் சிவப்புக் கல் இல்லை. அது அவள் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. மொரப்பூர் ரோடு பிரியும் முக்கில் சுரூபத்தை இறக்கி வைத்தார்கள். நாலு பேரும் கம்பைத் தாழ்த்தினார்கள். அதில் ஒரு கம்பு பெரியநாயகத்தின் கையில். தலைவர் பிடிப்பது வழக்கம். பாட்டு நின்றுவிட்டது. மதலேனம்மாள் ஊர் பார்க்க முக்கில் நின்று, கையை நீட்டி, டேப்பை வானத்தில் பிடித்தாள். நகம் நழுவாமல் மேற்கட்டிக்குக் கீழே வந்தாள். பெரியநாயகம் ஒரு கையால் பெட்ரோமாக்ஸை வாங்கி அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

வெளிச்சம் அவளுக்கு எதற்கும் உதவவில்லை. அவ்வளவு கிட்டத்தில் துணி வெறும் நீலப் புகை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளுத்த சமிக்கியைத் தடவிக் கண்டுபிடித்து, டேப்பை இரட்டிப்பாக்கி வைத்து, விரல் நுனியால் பட்டன் வரிசையைத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, கல்லை அழுத்தினாள். டிச்சென்று சத்தம் கேட்டது. அவ்வளவு கூட்டத்திலும் அது எல்லார் காதிலும் விழுந்தது.

கம்புகள் உயர்ந்தன. எல்லார் தலையும் நிமிர்ந்தது. துணியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், திரும்பத் துணியைப் பார்த்தார்கள். மேலே சிவப்பு எங்கே நின்றதோ கீழேயும் அங்கேதான் நின்றது. "மரியாயே வாழ்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்ப, ஊரே வாங்கிக்கொண்டது. சகாயமேரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மதலேனம்மாள் அழவில்லை. தலையைத் தூக்கி நின்றாள். அந்த நிமிஷத்தில் சேலம் ஜில்லா, தர்மபுரி ஜில்லா இரண்டிலும் தன்னைவிடப் பெரிய டெய்லர் கிடையாது என்று அவள் நினைத்தாள். நினைத்தால் என்ன தப்பு? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பெரியநாயகம் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்தார். விளக்கைப் பிடித்தவர் அவர்தானே, அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவியதைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

"மதலேனா, கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கம்மா. எட்டத்துக்கு ஒனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்படி மெதுவாகப் பேச அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமே தர்மபுரிக்குப் போய்க் கண்ணாடி வாங்கிவிட்டாள். முதல் வேலையாக அவர் மருமகளின் ரவிக்கையைப் பிரித்துக் கையை மாற்றிக் கொடுத்தாள். சேலத்துத் துணி கட்டுப் பிரிக்காமலே பஸ் ஏறியது.

அடுத்த மே மாதத்தில் மேற்கட்டியை வெளியே எடுத்தபோது, அந்தச் சிவப்பு வானத்தில் அந்தப் பக்கமே இல்லை. கல்லைக் கழற்றி டப்பாவில் போட்டாள். வெளுத்ததை அளந்தாள், அதுவும் பழைய இடத்தில் இல்லை. நேராகப் பச்சியப்பனிடம் போனாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அது சனிக்கா. போன வருசமே தெரியும். செவ்வாய்க்கே பெரியநாயகம் அந்த ஆட்டம் ஆடுனாரு. சனின்னு சொல்லியிருந்தா மேற்கட்டியவே கொளுத்தியிருப்பாரு. அதான் வாயத் தெறக்கல."

அவள் கடையே அதிரச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தச் சமிக்கியையும் பிரித்து அதன் முதுகிலும் ஒரு டிச் பட்டன் தைத்தாள். பேரை யாரிடமும் சொல்லவில்லை. வாசல் வழியாகப் போன பெரியநாயகம், மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவள் பட்டன் தைப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன மதலேனா, கண்ணாடி போட்டும் எடம் தப்பிப் போச்சா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடி துணிக்குத்தாங்க மாமா. வானத்துக்கு எனக்கு வெறுங்கண்ணு."